ஸ்லைடுக்கு ஒரு சடங்கு
போன வருடம் ஆய்வகத்தில், தன் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைத் தவமணி நுண்ணோக்கியில் பார்த்தாள். உருண்டையாக, உடம்பெல்லாம் உட்கருவாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. "இந்தச் செல்லுக மேல வர வர தட்டையாகி, கரு சுருங்கி, தானா உதிரணும். உங்களுக்குத் தொத்தின வைரஸ் அதுகள முதிர விடாது, பெருக மட்டும்தான் விடும்," என்றார் டாக்டர் ரெஹானா. "இதுக இன்னும் வயசுக்கு வரலன்னு சொல்லுங்க!" என்றாள் தவமணி. அப்படியே விட்டால் புற்றுநோயாகலாம் என்று அந்த இடத்தை வெட்டியெடுத்தார்கள். இன்று புது ஸ்லைடு. தவமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அப்பளம்போல் விரிந்த இளஞ்சிவப்புச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு கரு. "ஏ யம்மா, ஆளாயிட்டாளுக!" அவள் போட்ட குலவையில் வெளியே காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் ஆய்வகத்துக்கு ஒரு தூக்குவாளி வந்தது. உள்ளே நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி. "புள்ளைகளுக்குச் சடங்கு, எல்லாரும் கை நனைக்கணும்," என்று வரிசையில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கோர் உருண்டை வைத்தாள். பலமுறை இந்த வாசல்வரை வந்து, பரிசோதனைக்குப் பயந்து திரும்பிப்போன ஒருத்தியும் வாங்கித் தின்றாள். பிறகு எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். "எம் புள்ளைகளயும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, டாக்டரம்மா."