கெட்டுப்போன கிளைமாக்ஸ்

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார்.

“நாவலைக் குட்டிச்சுவராக்கிட்டான் அந்த டைரக்டர்! கதாநாயகி புருஷனோட சண்டை போட்டு, குக்கரையும் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறா. புத்தகத்துல போனவ போனவதான். அதுதானே கதைக்கே உயிர்?”

“படத்துல திரும்பி வந்துடுறா. தியேட்டரே கை தட்டுச்சே!” என்றாள் மனைவி.

“தட்டினா ஆச்சா? புத்தகத்தோட கால் தூசிக்கு வருமா இந்தப் படம்?”

“எனக்குப் படம்தான் பிடிச்சிருக்கு.”

“உனக்கு ரசனையே கிடையாது! அவ்வளவு ரோஷமாப் போனவ, தானா திரும்பி வருவாளா? நம்புற மாதிரியா இருக்கு?”

மனைவி சட்டென்று நின்றாள்.

“ஏங்க, நீங்க அந்த நாவலை எழுதி அச்சுக்குக் கொடுத்தப்ப நான் அம்மா வீட்டுல இருந்தேன், வாஸ்தவம். ஆனா படமெடுக்க அனுமதி கேட்டு டைரக்டர் நம்ம வீட்டுக்கு வந்தாரே, அன்னிக்கு அவருக்குக் கதவைத் திறந்தது யாரு?”

நாவலாசிரியர் அவசரமாக ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

“நான்தான். கையில அதே குக்கரோட!”