பச்சை டி-ஷர்ட்

“ஐயா, உங்க தம்பி பொண்ணு வாசல்ல உட்கார்ந்திருக்கு” என்றார் வாட்ச்மேன்.

“உள்ளே வரச் சொல்றதுதானே?”

“வரமாட்டேங்குது. காலேஜ் பிள்ளைங்க ஒரு பட்டாளத்தையே கூட்டிட்டு வந்து கேட்டை மறிச்சு உட்கார்ந்திருக்கு.”

சாயப்பட்டறை முதலாளி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவளேதான். கையில் ஓர் அட்டை. ‘வாய்க்காலில் சாயத்தண்ணீர் விடாதே.’

முந்தின நாள்தான் அவளுடைய கல்லூரிக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தார். “பசுமையான சமுதாயத்தை இளைஞர்கள்தான் உருவாக்க வேண்டும். பெரியவர்களைப் பார்த்துத் தயங்காமல் கேள்வி கேளுங்கள்” என்று முழங்கிவிட்டு வந்திருந்தார். நல்ல கைதட்டல்.

கைதட்டியவர்கள்தான் இப்போது வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே இறங்கி வந்தார்.

“என்னம்மா இது?”

“கேள்வி கேட்க வந்திருக்கோம் பெரியப்பா. கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின் எப்போ வைப்பீங்க?”

“பெரியவங்களைக் கேளுங்கன்னா, நான் பொதுவா இருக்கிற பெரியவங்களைச் சொன்னேன்மா. என்னையா சொன்னேன்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர். மேனேஜரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

கட்டுக் கட்டாக டி-ஷர்ட்கள் வந்து இறங்கின. கண்ணைப் பறிக்கிற பச்சை. முதுகில் ‘பசுமைத் தூதர்’ என்று அச்சடித்திருந்தது.

“உங்க காலேஜுக்குத் தரணும்னே தயார் பண்ணினது. இன்னியிலேர்ந்து நீங்க எல்லாரும் எங்க கம்பெனியோட பசுமைத் தூதர்கள். போட்டுக்குங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுக் கலைஞ்சு போகலாம்.”

அவள் ஒன்றை விரித்துப் பார்த்தாள்.

“இதுக்கு எப்போ சாயம் போட்டீங்க பெரியப்பா?”

“முந்தாநாள்தான். பார்த்தாலே குளிர்ச்சியா இல்லை?”

“ஓ, அதான் அன்னிக்கு வாய்க்கால் பச்சையா ஓடுச்சா?”

வாட்ச்மேன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியின் முகத்தில் மட்டும் சிவப்புச் சாயம் ஏறியது.

“எங்கே இவ அப்பன்?”

தம்பி ஓடி வந்தார். அவரும் பங்குதாரர்தான், பெயருக்கு. அண்ணன் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

“பொண்ணை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பாரு. மத்தியானம் வெளிநாட்டிலேர்ந்து சரக்கு எடுக்கறவங்க வர்றாங்க. சொட்டு அழுக்குத் தண்ணிகூட வெளியே போகாத பட்டறைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்க வர்றதுக்குள்ள இவளை இழுத்துட்டுப் போ.”

தம்பி மகளிடம் பாய்ந்தார்.

“எழுந்திரு. சோறு போடற பட்டறைக்கே உலை வைக்கிறியா? உன்னைப் படிக்க வைக்கிறது இந்தப் பட்டறையா, இந்த அட்டையா?”

“அப்பா, அந்தத் தண்ணியில இறங்கின குழந்தைங்களுக்குக் கையெல்லாம் புண்ணு. நீங்களும் பார்த்தீங்கதானே?”

“அண்ணன் முன்னால இன்னும் ஒரு வார்த்தை பேசினே, பல்லைத் தட்டிடுவேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அவளிடம் குரலை உயர்த்தியே அறியாதவர் அவர்.

“உங்கப்பாவுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்காடி?” என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் இருந்த தோழி.

“அப்படி மிரட்டு” என்று படியில் நின்றபடியே தம்பிக்குத் தைரியம் கொடுத்தார் முதலாளி. “சொன்னா கேக்கமாட்டா. கையைப் பிடிச்சு இழு.”

தம்பி குனிந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் அவள் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. பிடியில் பலமே இல்லாததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“எழுந்திருச்சிடாதே” என்றார் அவர், உதடு அசையாமல். “நான் சும்மா இழுக்கிற மாதிரி இழுக்கறேன். மெஷின் வைக்கச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துட்டேன், நடக்கலை. சரக்கு எடுக்கறவங்க கண்ணால பார்த்து, அவங்க வாயால கேட்டாத்தான் இவர் வைப்பார். அவங்க கார் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது.”

பிறகு தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். “இப்ப எழுந்திருக்கப் போறியா, இல்லையா?”

“மாட்டேம்ப்பா” என்றாள் அவள், அதைவிடச் சத்தமாக.