அடியில் படுத்திருப்பவன்

நட்ட நாளிலிருந்தே அந்த நெற்பயிருக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. வேரை எந்தப் பக்கம் நீட்டினாலும் சேற்றில் தழைச்சத்து தயாராகக் கிடந்தது. கேட்காமலே இப்படி ஊட்டுகிறவன் எவன்? நாளைக்கு எதைப் பிடுங்கப் பார்க்கிறான்?

வரப்பு வளையிலிருந்த நண்டைக் கூப்பிட்டது.

"அண்ணே, எனக்கு அடியில யாரோ அழுகின வாடையோட படுத்திருக்கான். சோறு போட்டு மயக்கி என் இடத்தைப் பறிக்கப் பாக்குறானா?"

"அவன் தக்கைப்பூண்டுப்பா. உனக்கு முன்னால இந்த வயல்ல நின்னவன். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வேர் முடிச்சுல சேத்து வெச்சிருந்தான். பூக்கிற நேரத்துல வயல்காரர் மடக்கி உழுது சேத்துக்குள்ளயே புதைச்சுட்டார்."

"காரணமில்லாம உழுவாரா? இவன் ஏதாவது திருட்டுத்தனம் பண்ணியிருப்பான்."

பயிர் தின்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வாயையும் முகர்ந்து பார்த்துத்தான் தின்றது.

ஒருநாள் காலையில் வயல்காரர் மாசிலாமணி வரப்பில் வந்து நின்றார். கருகருவென்று செழித்திருந்த பயிரைத் தடவிக்கொடுத்தார்.

"என் ராசா! உன்னை மாதிரி இந்த ஊர்ல யாருடா இருக்கா? நல்லா வளரு."

பயிர் அப்படியே குளிர்ந்துபோனது. அவர் தலை மறைந்ததும் நண்டிடம் சொன்னது:

"பாத்தீங்களா அண்ணே, என்ன பாசம்! நம்பலாம்னா இந்த மனுஷன் ஒருத்தரைத்தான் நம்பலாம்."

"ஆமாப்பா," என்றது நண்டு. "மொட்டு வெச்ச அன்னிக்குத் தக்கைப்பூண்டும் என்கிட்ட இதையேதான் சொன்னான்."