வாடகைப் புத்தகத்தின் ஓரம்

மகன் செய்கிச்சி யோஷிவாராவின் கேளிக்கை விடுதிகளுக்குப் போய்வந்தது தெரிந்ததும் எடோ நகரத்து எண்ணெய்க்கடைக்காரர் கியுவேமோன் கை ஓங்கவில்லை. வீடு வீடாகப் புத்தகம் சுமந்து வந்து வாடகைக்கு விடுபவனிடம், கெட்டுப்போகும் வாலிபர்களைக் கேலி செய்யும் பழைய கதை ஒன்றை வாங்கி மகனிடம் நீட்டினார்.

"அம்மா முன்னாடி சத்தமாப் படி. அப்பவாவது வெக்கம் வருதா பாக்கலாம்."

அம்மா ஓஷினோ மூலையில் கிமோனோ தைத்துக்கொண்டிருந்தாள். செய்கிச்சி படித்தான். கதையில் ஒரு பணக்காரப் பிள்ளை ஜம்பமாகப் படகேறி யோஷிவாரா போய், கட்டிய துணியையும் விட்டுவிட்டுத் திரும்பினான். அப்பாவே சிரித்துவிட்டார்.

"ஓரத்துல யாரோ கிறுக்கியிருக்காங்கப்பா."

"வாடகைப் புத்தகம்னா நாலு பேர் கிறுக்கத்தான் செய்வாங்க. அதையும் படி. எப்பேர்ப்பட்ட தறுதலைன்னு தெரியட்டும்."

"'கதை எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல. படகுல போனா ஊரே பாக்கும். வரப்பு வழியா நடந்து போறவன்தான் புத்திசாலி.'"

அப்பாவின் சிரிப்பு நின்றது. "போதும், மூடி வை."

"கீழயே வேற கையெழுத்துல பதில் இருக்குப்பா. 'எந்த வழியாப் போனாலும் வரும்போது பின்வாசல்ல வாங்க. முன்கதவு கிறீச்சிடுது, தூங்குற செய்கிச்சி முழிச்சுக்கிறான்.'"

தன் பெயரைப் படித்ததும் அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

ஓஷினோ தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பதினெட்டு வருஷமாச்சு. எண்ணெய்க்கடைன்னு பேரு, அந்தக் கதவுக்கு ஒரு சொட்டு விட்டபாடில்ல."