சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு சிவப்புக் கார்

“தும்மல் வந்தா வெளிய போய்த் தும்மிட்டு வாங்க சார். வண்டி மேல படக்கூடாது!”

பழைய கார் வியாபாரி வந்த தும்மலை விழுங்கிக்கொண்டார். ரிட்டயர்டு பல் டாக்டர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போர்வையை உருவினார். உள்ளே, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நேற்றுப் பிறந்தது போலப் பளபளத்தது.

“இருபத்திரண்டு வருஷம்! எனக்குத் தலைசுத்தல் வந்து, இனி ஓட்டக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்ன அன்னிக்கு இங்க நிறுத்தினேன். அப்புறம் ஒரு அங்குலம் நகரலை. கீழ பாருங்க!”

நான்கு சக்கரங்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸ் கோடு. நகராததற்குச் சாட்சியாம். டாக்டர் அந்தக் கோட்டைத் தெருவில் யாருக்கும் காட்டாமல் விட்டதில்லை. பல் பிடுங்கிக்கொண்டவர்கள்கூட, வாயில் பஞ்சோடு ஷெட்டுக்கு வந்து தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். மனுஷன் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது அந்த நாலு கோட்டின் பலத்தில்தான்.

டீயோடு வந்த அவர் மனைவி ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. நகராத அந்த வண்டி வியாழக்கிழமை தோறும் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்த்தியவள் அவள்.

வண்டியை நிறுத்திய அடுத்த வாரமே ஒருநாள் தூசி தட்டப் போனவள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தவள் சும்மா சாவியைத் திருப்பினாள். திருப்பியவள் சும்மா மலைப்பாதை உச்சி வரைக்கும் போய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து, டாக்டர் வியாழன் மாலை சிநேகிதர் வீட்டுக்குக் கிளம்பியதும், இவள் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின் சந்து வழியாகக் கிளம்பிவிடுவாள். திரும்பி வந்து சக்கரத்தை அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் நிறுத்துவாள். அழிந்த கோட்டை வரைந்து, ஏழு முடிச்சையும் அதே மாதிரி போடுவாள். இப்படி நிறுத்த இந்த ஊரிலேயே ஆள் கிடையாது என்று அவளுக்குள் ஒரு கர்வம். என்ன, வெளியே சொல்ல முடியாத கர்வம்.

அடுத்த மாதம் மகள் வீட்டுப் பக்கம் மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறார்கள். அங்கே சைக்கிளுக்கே இடமில்லை. வண்டி விற்றாக வேண்டும். ஆனால் குட்டு வெளிப்பட்டால்? ‘தெருவெல்லாம் சொல்லி வச்ச மனுஷன் முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுப்பார்?’ அது ஒன்றுதான் அவள் பயம்.

வியாபாரி டார்ச்சோடு வண்டிக்கடியில் போனார். வெகுநேரம் கழித்துத் தவழ்ந்து வெளியே வந்து, சாவியைப் போட்டுத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது.

“பாத்தீங்களா! கைராசி!” என்றார் டாக்டர்.

“டாக்டர், நாப்பது வருஷமா எனக்கு இதே தொழில். நின்ன வண்டியில டயர் ஒரு பக்கமா சப்பிப்போகும், பெட்ரோல் பிசினாயிடும். இது போன வாரம்கூட ஓடின வண்டி.”

“சான்ஸே இல்லை!”

“கோபப்படாதீங்க. நின்ன வண்டி எனக்குப் பொணம். ஓடின வண்டின்னா இப்பவே எடுத்துக்கறேன். யார் ஓட்டினதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“என் வண்டி நகரவே இல்லைங்கறேன். இஷ்டம்னா வாங்குங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க!”

வியாபாரி முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “அப்ப நான் வரேன் டாக்டர். பொய் சொல்ற இடத்துல நான் வண்டி எடுக்கறதில்லை.”

பொய் என்ற சொல் அவளைச் சுட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தட்டை ஸ்டூலில் வைத்தாள்.

“அவர் பொய் சொல்லலைங்க. அவருக்குத் தெரியாது. நான்தான் ஓட்டினேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை, மலைப்பாதையில.”

அவள் கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வியாபாரிக்கு முகமெல்லாம் பல். “அம்மா, நீங்களா! மலைப்பாதையிலயா? அடேங்கப்பா! அதை விடுங்க, பராமரிப்பு இருக்கே! பிரேக் பேடு எல்லாம் போன மாசம்தான் மாத்தியிருக்கீங்க போல. எந்த மெக்கானிக்?”

“பிரேக் பேடா?” அவள் விழித்தாள். “எனக்கு ஓட்டத்தாங்க தெரியும். நான் எதையும் மாத்தினதில்லையே.”

இரண்டு பேரும் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்கள்.

டாக்டர் ஒரு டீயை எடுத்து, நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

“எனக்குத் தெரியும்னு சொன்னா கூச்சப்பட்டு விட்டுருவா சார், அதான் வாயே திறக்கலை” என்றார். “மூணாவது வளைவுல பிரேக்கைப் போட்டு மிதிப்பா, வருஷத்துக்கு ஒரு செட் காலி. ஆனா அங்க வண்டியைத் திருப்புற அழகு இருக்கே, அதைப் பார்க்கத்தான் இருபத்திரண்டு வருஷமா எதிர் பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்திருக்கேன்!”