சரிகைச் சாம்பல்

அம்மாவின் கூறைப்புடவைக்கு விலை நாலாயிரத்து இருநூறு. நாலாயிரத்துக்குக் கேட்ட பழஞ்சரிகை வியாபாரி மஸ்தானிடம் இருநூறு ஏற்றி விற்றவர் அப்பா. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அவள் பீரோவைப் பார்க்க மாட்டாமல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அவனிடம் போட்டார். பேரம் பேசிப் பழகிய வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

எங்கள் மளிகைக்கடை நொடித்தபோதெல்லாம் அப்பா கேட்குமுன் அம்மா வளையலைக் கழற்றினாள். தாலிக்கொடியும் போய் மஞ்சள் கயிற்றோடு நின்றாள். "இந்தப் புடவைய மட்டும் கேட்டுராதீங்க" என்றது ஒன்றுதான் அவள் வாய்திறந்து கேட்டது. புடவையை விற்ற மறுநாள் காலை, காபியை வாயில் வைக்கும்போதுதான் அப்பாவுக்கு அது நினைவு வந்தது. செருப்புகூடப் போடாமல் மஸ்தான் கடைக்கு ஓடினார், பின்னால் நான்.

"எரிச்சாச்சே முதலாளி. துணிய எரிச்சாத்தானே சரிகையில இருக்குற வெள்ளி கிடைக்கும்?" மஸ்தான் இரும்புச்சட்டியைக் காட்டினான்.

"சாம்பல் என்ன வெல?"

"எட்டாயிரம்" என்று சொல்லிவிட்டு, அப்பா குறைத்துக் கேட்பார் என்று காத்திருந்தான்.

அப்பா எண்ணி வைத்தார். சூடு ஆறாத சட்டியைத் துண்டில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கணக்கு நேராயிடுச்சு முதலாளி."

"எங்கடா நேராச்சு? அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுடா."