இளைத்துப்போன கல்

கல் இளைத்துக்கொண்டே வருகிறது என்பதை இளவரசி யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் சிரிப்பார்கள். கல்லுக்கு என்ன, சர்க்கரை வியாதியா?

ஆனால் போன தை மாதம் தூக்கியபோது இருந்த கனம் இப்போது இல்லை. கன்னங்கரேலென்று இருந்தது செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அடியில் தினமும் பொடி உதிர்ந்து கிடக்கிறது.

யாரோ சுரண்டுகிறார்கள். இல்லையென்றால் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ. கொழுந்தன் சேட்டுதான்.

போன மாதம் அவன் கல்லை நாலு பக்கமும் செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினான். கேட்டதற்கு, சும்மாதான் என்றான். வேலை வெட்டி உள்ளவன் சும்மா போய்க் கல்லைப் படம் பிடிப்பானா?

அது அவள் கணவன் ஏகாம்பரத்தின் கல். ஓமன் பாலைவனத்தில் வண்டி ஓட்டிய காலத்தில் மணலில் கண்டெடுத்தான். வானத்திலிருந்து விழுந்தது என்று போனில் வாய் ஓயாமல் பெருமையடித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே இறந்துபோனான். உடல் அனுப்புகிற நிலையில் இல்லை என்றார்கள். காவாந்தண்டலத்து வீட்டுக்கு வந்தது பெட்டி மட்டும்தான். உள்ளே இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், இந்தக் கல்.

கருமாதிக்கு அந்தக் கல்லையே நட்டாள். பதினாறாம் நாள் கல்லை ஏரியில் விட்டுவிட வேண்டும் என்று ஊரே சொன்னது. அவள் விடவில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் எடுத்துவந்து வீட்டு மூலையில் வைத்துக்கொண்டாள். காலையில் அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் அவளுக்கு நாஷ்டா இறங்கும். அவளுக்கு மிஞ்சிய புருஷன் அதுதான்.

இன்று சேட்டு ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவளாம், பிரபா என்று பெயர். தோளில் பெரிய பை.

எதற்குப் பை என்று இளவரசிக்குத் தெரியாதா? கல் அதற்குள் போவதற்குத்தான். அவள் பையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பையிலிருந்து வந்தது ஒரு காந்தம். அருகே கொண்டுபோனதும் கல் அதைக் கப்பென்று இழுத்துக்கொண்டது. நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தபோதே நினைத்தேன், அசல்தான் என்று சேட்டுவிடம் சொன்னாள் பிரபா.

இளவரசிக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே போய்விட்டது. போலி இல்லையென்றால், சுரண்டல்.

பிரபா பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். துரு என்றாள். இந்தக் கல்லில் இரும்பு இருக்கிறது. அங்கே மழை இல்லை, ஈரம் இல்லை. அதனால்தான் ஆயிரக்கணக்கான வருஷமாக விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. நம் பக்கத்து ஈரத்துக்குக் கூரைத் தகடே தாங்குவதில்லை. ஆனாலும் வீட்டுக்குள் இருந்த கல் இரண்டே வருஷத்தில் இந்தக் கதிக்கு வராதே.

"இதுல யாராவது தண்ணி ஊத்துறீங்களா?"

தினமும் காலையில் ஒரு சொம்பு. ஊற்றுவது இளவரசிதான்.

"நான்தான் மேடம். அழுக்கா கீதேன்னு டெய்லி களுவிக்கினு இருந்தேன்," என்றான் சேட்டு.

அவன் ஒருநாளும் கழுவியதில்லை. இத்தனை நாள் இவனையா திருடன் என்று நினைத்தோம் என்று அவளுக்குக் கூசியது.

பிரபா அவனைத்தான் திட்டினாள். காய்ந்த அரிசிக்குள் புதைத்து மூடி வையுங்கள், இனி ஒரு சொட்டுப் பட்டாலும் அடுத்த வருஷம் தாம்பாளத்தில் துருதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.

சேட்டு அரிசி டப்பாவைக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தான்.

இளவரசி கல்லைத் தூக்கவில்லை.

"மூணு நாளு, சேட்டு," என்றாள்.

அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டியவனே அவன்தான். வண்டி மணலில் சிக்கி மூன்றாம் நாள்தான் ஆளைக் கண்டுபிடித்தார்களாம். பக்கத்தில் கிடந்த தண்ணீர்க் கேன் காலியாக இருந்ததாம்.

சேட்டு எழுந்து குழாயடிக்குப் போனான். ஒரு சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான்.